சிறைக்குள் போனதும் ஓ.எஸ்.டி மாத்திரை நின்றுவிட்டது, டெல்லியில் யாருக்காவது வழி தெரியுமா?

நரேலா_செல்வி | செவ்வாய், இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். பெயர், வழக்கு எண் எதையும் எழுத மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் தம்பி ஸ்மேக் (மலிவான ஹெராயின்) பழக்கத்தில் இருந்தவன். ஓ.எஸ்.டி மாத்திரை, அதாவது ஸ்மேக்குக்குப் பதிலாக டாக்டர் கண்காணிப்பில் தரும் மருந்து, ஆரம்பித்த பிறகு பெயின்ட் வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். காலையில் கிளினிக்குக்குப் போவான், அவர்கள் பொடித்துத் தருவதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு கரையும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான், அப்புறம் வேலை. ஜங்புரா பக்கம் இருந்த எங்கள் குடிசைகளை இடித்து நரேலாவுக்கு அனுப்பிய பிறகு எல்லாம் மாறிப்போனது. கிளினிக் போய்வரவே அரை நாள். மேஸ்திரி எத்தனை நாள் பொறுப்பார்? இடையிடையே மாத்திரையை விட்டான். விட்ட நாட்களில் பழைய கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு புடியாவோடு (பொட்டலம்) போலீஸ் பிடித்துவிட்டது. பழைய திருட்டு வழக்கு ஒன்றில் வாரண்டும் இருந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை, உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

நேற்று முலாக்காத், சிறையில் ஆளைப் பார்க்க விடும் நேரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மூக்கு ஒழுக ஒழுக நிற்கிறான். கொட்டாவி மேல் கொட்டாவி. கையில் முடியெல்லாம் குத்திட்டு நிற்கிறது, காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. லாக்கப்பிலும் மாத்திரை இல்லை, உள்ளேயும் இல்லை. "வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும்தான் தர்றாங்கக்கா" என்றான். ஓ.எஸ்.டி பற்றிச் சொன்னால் பேப்பர் எங்கே என்று கேட்கிறார்களாம். அவனுடைய கார்டு என்னிடம் இருக்கிறது. கிளினிக்கில் வீட்டுக்குக் கொடுத்த மாத்திரையும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அடுத்த முலாக்காத்தில் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாமா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

மயூர்விஹார்_மாமா | செவ்வாய், இரவு 11:05

அம்மா, தப்பாக நினைக்காதே. உள்ளே இருக்கிறபோதே விட்டுத் தொலைக்கட்டுமே! ஒரு வாரம் துடிப்பான், அப்புறம் சரியாகிவிடுவான். வெளியே இருந்தால் எப்படியும் வாங்கிவிடுவான். கடவுளாகப் பார்த்து ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். ஒரு போதையை நிறுத்த இன்னொரு போதை என்பது எனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை.

---

சாகேத்_வக்கீல் | செவ்வாய், இரவு 11:18

மாமாவுக்கு மற்றவர்கள் பதில் சொல்லட்டும். செல்வி, உங்களுக்கு அவசரமாக ஒன்று: அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டு சிறை வாசலுக்குப் போகவே போகாதீர்கள். அது புப்ரெனார்ஃபின், என்.டி.பி.எஸ் என்ற போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. துணிக்குள் வைத்துப் பிடிபட்டால் அக்கா மீதும் ஒரு வழக்கு, தம்பிக்கு முலாக்காத்தும் போகும். மிச்ச மாத்திரையைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை முதல் வேலை கிளினிக்தான். டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எப்போதிலிருந்து சிகிச்சை, என்ன மருந்து, தினம் எத்தனை மில்லிகிராம், கடைசியாக எந்தத் தேதியில் சாப்பிட்டான் என்ற விவரம் இருக்கவேண்டும். முத்திரை, கையெழுத்து, டாக்டரின் பதிவு எண் கட்டாயம். கார்டின் அசலைக் கையை விட்டு விடாதீர்கள், நகல் நாலைந்து எடுங்கள்.

அப்புறம் நீதிமன்றத்தில் ஒரு மனு. தனி வக்கீல் வைக்க முடியாவிட்டால் 15100 சட்ட உதவி எண், அல்லது அந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைய அலுவலகம். சிறைக்குள்ளும் சட்ட உதவி வக்கீல்கள் வருவார்கள், தம்பி அங்கிருந்தும் சொல்லலாம். மனுவில் கேட்கவேண்டியது இரண்டுதான்: சிறை மருத்துவ அதிகாரி பரிசோதித்து அறிக்கை தாக்கல் செய்யவேண்டும், நடந்துகொண்டிருந்த சிகிச்சை உள்ளேயே தொடரவேண்டும். உள்ளே அந்த மருந்து இல்லையென்றால் காவலோடு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும். ஜாமீன் மனுவோடு சேர்த்துக் குழப்பாமல் தனியாகப் போடுங்கள். ஜாமீனுக்கு வாய்தா மேல் வாய்தா போகும், இது அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மனநோய்க்கான வரையறையிலேயே மது, போதைப் பழக்கத்தால் வரும் நிலைகளும் அடக்கம். மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் வேண்டும் என்கிறது 103ஆம் பிரிவு. காவலில் வைத்திருப்பவனின் உடல்நலம் வைத்திருப்பவரின் பொறுப்பு என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. எழுத்தில் குறையில்லை. யாராவது போய்க் கேட்காதவரை அது எழுத்தாகவே கிடக்கும், அவ்வளவுதான்.

---

சிஸ்டர்_ஜெ | புதன், காலை 6:10

நைட் டூட்டி முடித்து வந்து பார்த்தேன். நாகர்கோவில்காரி. டெல்லியில் ஒரு போதை மறுவாழ்வுக் கிளினிக்கில் நர்ஸ்.

செல்வி, தம்பிக்கு நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் வித்ட்ராவல்தான், போதை திடீரென்று நின்றால் உடம்பு படும் பாடு. கடைசி ஸ்மேக் போய் எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஆரம்பிக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் உடம்பு அடங்கும். தூக்கமின்மையும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பும் வாரக்கணக்கில் இழுக்கும். வாந்தியும் பேதியும் இருந்தால் தண்ணீர்ச் சத்து குறைந்து ஆபத்தாகலாம், அதைத் தனியாகச் சொல்லி ஓ.ஆர்.எஸ் கேட்கச் சொல்லுங்கள். "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று ஒரு தடவை வாயில் வந்தாலும் அதைச் சிறை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். விளையாட்டில்லை.

மறுபடி ஆரம்பிக்கும்போது பழைய அளவை அப்படியே தர மாட்டார்கள். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள், அதுதான் சரி. உள்ளே திருட்டுத்தனமாக யாராவது கொடுத்து ஸ்மேக் இழுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். உடம்பில் ஹெராயின் இருக்கும்போதே புப்ரெனார்ஃபின் போட்டால் அது ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஒரே அடியில் வித்ட்ராவல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் "இந்த மாத்திரையே ஆகாது" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிவார்கள். பாதிப் பேர் சிகிச்சையை விடுவது இந்த ஒரு அனுபவத்தால்தான்.

மாமா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரைக்காரர் தினம் இன்சுலின் போடுவதை "இன்னொரு சர்க்கரை" என்று யாரும் சொல்வதில்லை. இந்த மாத்திரை சரியான அளவில் இருந்தால் ஏறாது, மயங்காது. இவன் ஏணி மேல் நின்று பெயின்ட் அடித்திருக்கிறானே!

---

பழைய_பாரக் | புதன், பகல் 1:30

நான் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். எந்தச் சிறை, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். இப்போது இதே பழக்கக்காரர்களுக்கு ஆதரவு வேலை செய்கிறேன்.

அக்கா, ஒன்று சொல்கிறேன். உள்ளே மருந்தே கிடையாது என்பதில்லை. சில இடத்தில் உண்டு, நல்ல டாக்டர்களும் உண்டு. மருந்து அறுந்துபோகிற இடமெல்லாம் கதவுகள்தான். முதல் கதவு போலீஸ் லாக்கப். அங்கே கேட்கவே முடியாது, கேட்டால் அடி. அடுத்தது முலாஹிஜா வார்டு, புதிதாக வருகிறவர்களை வைக்கிற இடம். டாக்டர் வரிசையாகப் பார்ப்பார், "நஷா கரதே ஹோ?", போதை எடுப்பாயா என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் எங்கே தள்ளுவார்களோ என்ற பயத்தில் பாதிப் பேர் இல்லை என்று தலையாட்டுவான். நானும் தலையாட்டியவன்தான். ராத்திரி உடம்பு முறியும்போது சொன்னால் "காலையில் இல்லைன்னியே" என்பார்கள்.

அதைத் தாண்டி மருந்து ஆரம்பித்துவிட்டாலும் பேஷி நாள் என்று ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற நாளில் விடியக்காலை எண்ணிக்கை எடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மருந்து கொடுக்கிற நேரம் அதற்கப்புறம்தான். திரும்பி வரும்போது டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். நாள் பூராவும் கோர்ட் லாக்கப்பில் குளிரில் நடுங்கிக்கொண்டு, நீதிபதி முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றால் அவர் என்ன நினைப்பார்? அதே மாதிரிதான் ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றினாலும். ஆள் போய்விடுவான், ஃபைல் பின்னால் வரும். எவ்வளவு பின்னால் என்று கேட்காதீர்கள்.

கடைசிக் கதவுதான் ரொம்ப மோசம். அதை அப்புறம் எழுதுகிறேன், வேலை வந்துவிட்டது.

---

மயூர்விஹார்_மாமா | புதன், இரவு 8:50

படித்தேன். இன்சுலின் கதை எனக்கு ஒப்பவில்லை, சர்க்கரை வியாதிக்காரன் யார் வீட்டிலும் குழாயைக் கழற்றி விற்கவில்லை. சரி, அது கிடக்கட்டும். நேராகக் கேட்கிறேன். உள்ளே ஆறு மாதம் மருந்தும் இல்லாமல் ஸ்மேக்கும் இல்லாமல் இருந்துவிட்டு வந்தால் ஆள் சுத்தம்தானே? சுத்தமானவனுக்கு எதற்கு மருந்து?

---

ஆர்கேபுரம்_வாசகி | புதன், இரவு 9:40

மாமா கேட்டதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். நான் சமூகப் பணி படிப்பவள், இந்த விஷயத்தில் கொஞ்சம் வாசித்திருக்கிறேன்.

ஆறு மாதம் எடுக்காமல் இருந்தால் ஆசை போகிறதோ இல்லையோ, உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும். முன்பு சாதாரணமாக இழுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்தப் போதும். வெளியே வந்தவன் பழைய இடத்துக்குப் போகிறான், பழைய அளவை எடுக்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு 2007இல் வெளிவந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் அபாயம் மற்ற மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. போதை மருந்து அளவு மீறிச் சாகும் அபாயத்தை மட்டும் எடுத்தால் 129 மடங்கு! அங்கே ஃபென்டனில் என்ற படுவீரியமான போதை மருந்து இருக்கிறது, இங்கே இல்லை என்பீர்கள். அது 1999 முதல் 2003 வரை விடுதலையானவர்களின் கணக்கு, ஃபென்டனில் வெள்ளம் வருவதற்கு ரொம்ப முன்னால்.

அதே நாட்டில் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் 2016இல் தன் சிறைகளில் மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் என்ற மூன்று சிகிச்சை மருந்துகளையும் கொடுக்க ஆரம்பித்தது. வெளியே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே வந்ததும் நிறுத்துவதில்லை, வெளியே போகும்போது கிளினிக்கோடு இணைத்தே அனுப்புவது. அந்த மாநிலத்தில் 2016இன் முதல் பாதியில் அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017இன் முதல் பாதியில் 9 பேர்.

இது மேல்நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. ஈரான் சிறைகளில் மெத்தடோன் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1986லேயே ஆரம்பித்தார்கள். நம் டெல்லி திகார் சிறையிலேயே 2008இல், எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையமும் ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகமும் சேர்ந்து புப்ரெனார்ஃபின் சிகிச்சையைத் தொடங்கின. அப்போது இங்கே பலருக்கு மாமாவின் சந்தேகமேதான் இருந்தது.

---

மயூர்விஹார்_மாமா | புதன், இரவு 10:15

அந்த 129 மடங்கு எனக்குத் தெரியாது. யோசிக்கவேண்டிய விஷயம்தான். ஆனால் உள்ளே கொடுத்தால் அந்த மாத்திரையையே பாரக்கில் (கைதிகள் தங்கும் கூடத்தில்) விற்பான்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

சிஸ்டர்_ஜெ | வியாழன், காலை 7:00

விற்பார்கள், மாமா. நடக்காதது இல்லை. அதனால்தான் பொடித்துக் கொடுப்பது. முழு மாத்திரையாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய்விடுவான். பொடித்து நாக்குக்கு அடியில் போட்டு, கையை மடியில் வைக்கச் சொல்லி, ஐந்து பத்து நிமிஷம் எதிரில் உட்கார வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்லி அனுப்புவோம். தண்ணீர் குடிக்கவும் கூடாது, முழுங்கினால் வேலை செய்யாது. எங்கள் கிளினிக்கிலும் இதேதான். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தன் துப்பிக் கைக்குட்டையில் சேர்க்கத்தான் செய்வான். அதற்காக வரிசையில் நிற்கிற மற்ற எல்லோருக்கும் நிறுத்திவிடுவதா? இன்னொன்று, உள்ளே அதற்கு விலை ஏறுவதே வித்ட்ராவலில் கிடப்பவன் காசு கொடுத்து வாங்குவதால்தான். அவனுக்கு நேராகக் கிடைத்தால் வாங்க ஆள் ஏது?

செல்வி, கேட்க மறந்தது: தம்பிக்கு டி.பி இருக்கிறதா? உள்ளே டி.பி மருந்து ஆரம்பித்தால் ரிஃபாம்பிசின் என்று ஒன்று கொடுப்பார்கள். அது புப்ரெனார்ஃபினையும் மெத்தடோனையும் உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். மாத்திரை சாப்பிட்டும் உடம்பு முறிகிறது என்று அவன் சொன்னால் பொய் என்று நினைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பழக்கம் இருந்தால் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மஞ்சள்காமாலை சி-க்கு 2018லிருந்து அரசுத் திட்டத்தில் இலவச மருந்து இருக்கிறது.

---

லூதியானா_பின்னலாடை | வியாழன், பகல் 12:20

திருப்பூர்க்காரன், லூதியானாவில் பனியன் கம்பெனி வேலை. இங்கே பஞ்சாபில் 2017லிருந்து ஓ.ஓ.ஏ.டி கிளினிக் என்று இதே மாத்திரை தரும் இடங்களை ஊர் ஊருக்கு வைத்திருக்கிறார்கள், சிறைக்குள்ளும் இருக்கிறது. விரல் ரேகை வைத்துப் பதிவு. எங்கள் லைனில் ஒரு பையன் உள்ளே இருந்து வந்து இப்போது வெளியே கிளினிக்கில் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிறான். கூட்டம் தாங்காது, மாத்திரை வெளியே விலைக்கும் கிடைக்கிறது, மாமா சொன்னது இங்கே நடக்கிறது. இருந்தாலும் பையன் உயிரோடு இருக்கிறான். டெல்லியிலும் இப்படி ஒரே பதிவாக இருந்தால் செல்வி கார்டைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை.

---

நரேலா_செல்வி | மறு வாரம், திங்கள், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மாத்திரையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. டாக்டர் கடிதம் கொடுத்தார், ஆனால் கடைசி டோஸ் தேதி போடவில்லை. வக்கீல் சார் சொன்னது நினைவுக்கு வந்து மறுபடி உள்ளே போய்ப் போட வைத்தேன். சட்ட உதவியில் ஒரு மேடம் மனு எழுதினார்கள். நீதிபதி இரண்டு நிமிடம் கூட எடுக்கவில்லை, சிறை மருத்துவ அதிகாரி அறிக்கை தரவேண்டும் என்றார். அறிக்கையில் "நிலை சீராக உள்ளது, அறிகுறிக்கேற்ற மருந்து தரப்படுகிறது" என்று மட்டும் வந்தது. மேடம் விடவில்லை. "சிகிச்சையில் இருந்தவர் என்பதற்கு அரசு மருத்துவமனைக் கடிதம் இருக்கிறது, அந்த மருந்து ஏன் தரப்படவில்லை என்று அறிக்கையில் ஒரு வரியும் இல்லை" என்றார்கள். அதன் பிறகுதான் காவலோடு மருத்துவமனைக்கு அனுப்ப உத்தரவு.

அழைத்துப் போகிறோம் என்ற முதல் நாளில் காவலுக்குப் போலீஸ் இல்லை என்று போகவில்லை. அடுத்த முறை போனார்கள். இப்போது உள்ளேயே மருந்து கிடைக்கிறது. நேற்றுப் பார்த்தபோது சோறு இறங்குகிறது என்றான். "பேஷி அன்னிக்கு மட்டும் கிடைக்கல" என்றான், பழைய_பாரக் அண்ணன் சொன்னபடியே.

ஜாமீன் மனு இந்த வாரம் வருகிறது. கிடைத்துவிடும் என்கிறார்கள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அந்த இரண்டு வாரக் கணக்கைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

---

சாகேத்_வக்கீல் | திங்கள், இரவு 10:10

அந்த மேடம் செய்ததுதான் சரி. "நிலை சீராக உள்ளது" என்ற அறிக்கையோடு எத்தனையோ மனுக்கள் முடிந்துவிடுகின்றன.

பேஷி நாளுக்குத் தனியாக ஒரு வரி கேட்டு வாங்குங்கள்: "நீதிமன்றத்துக்கு அனுப்பும் நாட்களில் புறப்படும் முன் மருந்து தரவேண்டும்." சின்ன வரி, நீதிபதிகள் மறுப்பதில்லை. அல்லது காணொலியில் ஆஜராக அனுமதி கேளுங்கள்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. என்.டி.பி.எஸ் 64A பிரிவு: உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்கு. ஹெராயினுக்குச் சிறிய அளவு என்றால் 5 கிராம் வரை, உங்கள் தம்பியின் இரண்டு புடியா அதற்குள்தான் இருக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகும். 39ஆம் பிரிவு வேறு. குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனைக்குப் பதில் அவன் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம் என்பது. பழைய திருட்டு வழக்குக்கு இரண்டும் உதவாது, அதைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும். கீழ் நீதிமன்றங்களில் இந்தப் பிரிவுகளை வக்கீல்களே எழுப்புவதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு போவது சுலபமாக இருக்கிறது, அதனால்.

---

பழைய_பாரக் | திங்கள், இரவு 11:45

கடைசிக் கதவு என்று எழுதினேனே, அது இதுதான்.

ஜாமீன் உத்தரவு பகலில் கிடைக்கும். ஷூரிட்டி (பிணை நிற்பவர்) பார்த்து, காகிதம் சிறைக்கு வந்து, ஆளைச் சரிபார்த்து விடும்போது இருட்டிவிடும். கையில் ஒரு துணிப் பை, போன் கிடையாது, பாதி நாள் வீட்டுக்கே தகவல் தெரியாது. காலையில் வாங்கிய மாத்திரை மறுநாள் காலை வரைதான். கிளினிக் எங்கே, மறுபடி சேர்ப்பார்களா, ஒன்றும் தெரியாது. ஆனால் ஸ்மேக் எங்கே கிடைக்கும் என்று தெரியும். சில சமயம் அதை விற்கிறவனே வாசலில் நிற்பான், "வா, டீ குடிக்கலாம்" என்று.

அதனால் அக்கா, ஜாமீன் கிடைத்த அன்றைக்கு மதியத்திலிருந்தே வாசலில் யாராவது இருக்கவேண்டும். நீங்கள் முடியாவிட்டால் அவன் பழக்கத்தில் இல்லாத ஒரு ஆம்பளை. நரேலாவுக்கு நேராக அழைத்துப் போங்கள், ஜங்புரா பக்கம் "சும்மா பார்த்துட்டு வர்றேன்" என்றால் விடாதீர்கள். கையில் காசு கொடுக்காதீர்கள், திட்டுவான், பரவாயில்லை. குளிப்பாட்டி சாப்பாடு போட்டுத் தூங்க வையுங்கள். பழைய கதை எதையும் அன்றைக்கு எடுக்காதீர்கள். என் அண்ணி முதல் ராத்திரியே கணக்குக் கேட்டாள், நான் விடிவதற்குள் வெளியே போய்விட்டேன்.

---

சிஸ்டர்_ஜெ | செவ்வாய், காலை 6:40

பாரக் அண்ணன் சொன்னதோடு நான் சேர்ப்பது: இப்போதே சிறை டாக்டரிடம் விடுதலைச் சீட்டு கேட்டு வைக்கச் சொல்லுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி வரை. ஜாமீன் வந்த பிறகு கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்களும் இப்போதே கிளினிக்குக்குப் போய் "இந்த வாரம் வருவான், வந்த மறுநாள் காலை கூட்டி வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நரேலாவுக்குப் பக்கத்தில் வேறு ஓ.எஸ்.டி மையம் இருக்கிறதா என்று 1097இல் கேளுங்கள், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் இலவச எண். தூரம்தான் முதலில் இவனைக் கவிழ்த்தது, மறுபடியும் அதே தூரம் கவிழ்க்கும். உடம்பு நிலைத்துவிட்டால் சில நாளுக்கான மாத்திரையை வீட்டுக்குத் தருகிற ஏற்பாடு உண்டு. அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி நான் எழுதுவதை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். எழுப்பினால் எழவில்லை, குறட்டை மாதிரி கரகரவென்று மூச்சு, அதுவும் விட்டு விட்டு வருகிறது, உதடும் நகமும் நீலம், கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கம் இல்லை. உடனே 112. மூச்சு நின்றிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு முறை ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பால், உப்புத் தண்ணீர், எலுமிச்சை எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஆம்புலன்சில் வருபவரிடம் "ஸ்மேக் எடுத்திருக்கலாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஸ்மேக்கின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் ஊசி போட்டால் கண் விழிப்பான். விழித்ததும் "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்பான். அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும், ஸ்மேக் இன்னும் உள்ளே இருக்கும். எழுந்து போக விடாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் 2011லிருந்து சிறையை விட்டுப் போகிறவர்கள் கையிலேயே இந்த நாலாக்ஸோனைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இங்கே ஒருவன் சிறையை விட்டு வரும்போது துணிப் பையில் என்ன இருக்கும் என்று பாரக் அண்ணனே சொல்லிவிட்டார்.

---

ஆர்கேபுரம்_வாசகி | செவ்வாய், பகல் 2:05

இழையில் பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. உள்ளே பெண்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் சிகிச்சை ஏற்பாடு பெரும்பாலும் ஆண்கள் சிறையை நினைத்தே நடக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது குழந்தைக்கும் ஆபத்து, கர்ப்பத்திலும் தொடர்வதுதான் மருத்துவ வழக்கம். யார் வீட்டிலாவது அப்படி ஒரு நிலை இருந்தால் மனுவின் முதல் வரியிலேயே கர்ப்பம் என்று எழுதச் சொல்லுங்கள்.

---

மயூர்விஹார்_மாமா | செவ்வாய், இரவு 9:15

சிஸ்டர், ஒரே ஒரு கேள்வி, சண்டைக்கு இல்லை. எத்தனை வருஷம் இந்த மாத்திரை? ஆயுசுக்குமா?

---

சிஸ்டர்_ஜெ | புதன், காலை 6:30

சிலருக்கு ஒன்றிரண்டு வருஷம், சிலருக்குப் பல வருஷம், சிலர் விடவே மாட்டார்கள். வேலை, வீடு, தூக்கம் எல்லாம் நிலைத்த பிறகு டாக்டரோடு பேசி மெல்ல மெல்லக் குறைக்கலாம். எங்களிடம் அவசரம் பிடித்து நிறுத்தச் சொல்பவர்கள் அதிகமும் குடும்பத்தார்தான். கல்யாணம் பேசுகிறோம், அதற்குள் நிறுத்திவிடுங்கள் என்பார்கள். குறைத்துப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் நிறைய. திரும்பி வந்தார்களே என்றுதான் நாங்கள் பார்ப்போம்.

---

மயூர்விஹார்_மாமா | புதன், காலை 8:05

எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. இருந்தாலும் செல்வி, ஷூரிட்டிக்கு ஆள் இல்லை என்றால் தனிச்செய்தியில் சொல். என்னிடம் வண்டி ஆர்.சி இருக்கிறது.

---

நரேலா_செல்வி | வெள்ளி, இரவு 11:20

ஜாமீன் கிடைத்துவிட்டது. ஷூரிட்டி எங்கள் பிளாக்கிலேயே ஒருவர் போட்டார், மாமாவுக்கு நன்றி. இரவு எட்டு மணிக்கு மேல் விட்டார்கள். மதியத்திலிருந்து நானும் சித்தப்பாவும் வாசலில்தான் இருந்தோம். விடுதலைச் சீட்டு வாங்கி வந்திருக்கிறான், அளவும் தேதியும் இருக்கிறது. நாளைக் காலை கிளினிக். 1097இல் வடக்கு டெல்லிப் பக்கம் ஒரு மையம் சொன்னார்கள், திங்கள்கிழமை விசாரிக்கவேண்டும்.

அம்மா கள்ளக்குறிச்சியில் இருக்கிறார்கள். அவனைக் கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வை, இந்தச் சகவாசமே வேண்டாம் என்று அழுகிறார்கள். அனுப்பலாமா? அங்கே மருந்து கிடைக்குமா?

---

சிஸ்டர்_ஜெ | சனி, காலை 7:10

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் ஒரு மாதம் இங்கே டோஸ் நிலைக்கட்டும். அப்புறம் அதே 1097இல் தமிழ்நாட்டில் எந்த ஊரில் மையம் என்று கேட்டு, இங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். மருந்து இல்லாத ஊருக்கு அனுப்பினால் சகவாசம் விட்டுப்போகும், வித்ட்ராவல் கூடவே ரயில் ஏறும். அம்மாவை இங்கே வரச் சொல்லுங்களேன்.

---

சாகேத்_வக்கீல் | சனி, காலை 9:25

அதற்கும் முன்னால் ஜாமீன் உத்தரவைப் பிரித்துப் படியுங்கள், செல்வி. நீதிமன்ற அனுமதி இல்லாமல் டெல்லியை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இருந்தால் மனு போட்டு அனுமதி வாங்கவேண்டும், அதற்குச் சிகிச்சைக் கடிதத்தின் நகலும் வேண்டும். டிக்கெட் எடுப்பது அதற்கப்புறம்.